பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு மூக்கு ஸ்ப்ரே

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு எச்1 பதிவேடு என்பது தனிப் பொறுப்பு. எச்1 என்பது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சில மருந்துகளின் அரசுப் பட்டியல். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிற விதி. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுத வேண்டும். மூன்று வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். எங்கள் நோட்டில் தூக்க மாத்திரைகளும் வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளும்தான் அதிகம். அங்கங்கே ஒரு வரி 'மிடாசோலம் நேசல் ஸ்ப்ரே' என்று வரும், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கிற மருந்து. அந்த வரியை எழுதி முடித்ததும் வாங்க வந்தவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிடுவேன். பின்னால் யாராவது பாராசிட்டமாலுக்கு அவசரப்பட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஏனென்றால் அந்தச் சின்ன பாட்டிலை வாங்கிப் போகிறவர் ஒருவர், அதை உபயோகிக்கப் போகிறவர் பெரும்பாலும் வேறொருவர். அப்பா வாங்கிப் போவார். பையனுக்கு வலிப்பு வரும்போது வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். அல்லது வகுப்பில் டீச்சர், வேனில் டிரைவர். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டு ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆகவே நான் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உடுமலையில் எங்கள் கடை. பி.பார்ம் முடித்து நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே காரணம் என் தம்பி. ஏழு வயதில் அவனுக்கு முதல் வலிப்பு வந்தது. 1994-ஆம் வருஷம், நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் வலிப்புக்குத் தெரிந்த வைத்தியம் கையில் இரும்பு கொடுப்பதுதான். சாவிக்கொத்து, அரிவாள், எது கிடைக்கிறதோ அது. கூடவே வெங்காயத்தை நசுக்கி மூக்கில் காட்டுவார்கள். பல் கடித்துவிடுவான் என்று வாயில் ஸ்பூன் திணிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். நின்றதும், "பாத்தியா, சாவி கையில ஏறுனதும் அடங்கிருச்சு" என்பார்கள். அப்படித்தான் இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருக்கிறது.

சிக்கல் தானாக நிற்காத வலிப்பில் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் என்று நரம்பியல் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூளையில் அமைதிப்படுத்தும் வேலையைச் செய்வது காபா என்கிற ரசாயனம். மிடாசோலம், டயாசிபாம் போன்ற மருந்துகள், நரம்பு செல்களின் மேல் அந்தக் காபாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கூட்டுகின்றன. வலிப்பு நீண்டால் நரம்பு செல்கள் அந்த ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து வந்து ஒட்ட இடமே இருக்காது. முதல் பத்து நிமிஷத்துக்குள் கேட்கிற மருந்து அரைமணி கழித்துக் கேட்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதாவது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் முழுக்க மருந்தின் வலு குறைகிற நேரம்.

தம்பிக்கு அந்த மாதிரி நீண்ட வலிப்பு சில முறை வந்தது. அதற்காக டாக்டர் அம்மாவுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். டயாசிபாம் ஊசிமருந்தை ஆம்ப்யூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, ஆசனவாய் வழியாக ஏற்றுவது. நல்ல மருத்துவம் அது. உலகம் முழுக்கப் பல வருஷம் குழந்தைகளைக் காப்பாற்றிய முறை. குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டிய இடத்தை நினைத்துப் பாருங்கள். பழனி பஸ்ஸில், மடத்துக்குளம் தாண்டியதும் அவனுக்கு வந்துவிட்டது. அம்மா அவனைச் சீட்டில் திருப்பிப் படுக்க வைத்து, டிராயரைக் கீழே இறக்கினார். நான் என் தாவணித் தலைப்பை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் நல்ல மனுஷன், "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று சத்தம் போட்டார்.

வலிப்பு நின்றது. தெளிந்த பிறகு தம்பி கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் பாத்தாங்களாக்கா?"

பதினாலு வயதுக்குப் பிறகு அவன் எங்களோடு வெளியூர் வருவதையே நிறுத்திக்கொண்டான். சொந்தக்காரர் கல்யாணம், கோயில், எதற்கும் இல்லை. நோயைவிட மருந்து போகும் வழிதான் அவனை வீட்டுக்குள் உட்கார வைத்தது. மருந்து நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது, அதை எங்கே, யார், எப்படிக் கொடுக்க முடியும் என்பதும் மருந்தின் பாதி என்று நான் நினைப்பது அங்கிருந்து வந்தது.

மூக்கு வழியாக மிடாசோலம் கொடுக்கலாம் என்பது நான் கல்லூரியில் படிக்கும்போதே ஆய்வுகளில் வந்திருந்தது. 2000-ல் இஸ்ரேல் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காய்ச்சல் வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் சிலருக்குக் கை நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், ஊசியாக டயாசிபாம், சிலருக்கு மூக்கில் மிடாசோலம். மருந்து உள்ளே போன பிறகு நரம்பு ஊசிதான் அரை நிமிஷம் முந்தியது. ஆனால் குழந்தை வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து கணக்கெடுத்தால் மூக்கு முந்திவிட்டது, 8 நிமிஷத்துக்கு எதிராகச் சுமார் 6 நிமிஷம். உதறிக்கொண்டிருக்கிற சின்னக் கையில் நரம்பு தேடுகிற நேரம் அங்கே மிச்சமானது. 2006-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மூக்கு மிடாசோலத்தையும் ஆசனவாய் டயாசிபாமையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். மூக்கில் கொடுத்தபோது வலிப்பு சராசரியாக இரண்டு நிமிஷத்துக்குள் நின்றது, மற்றதில் ஏறக்குறைய மூன்று நிமிஷம். இந்த இரண்டு கட்டுரைகளையும் நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "அப்ப டிராயரக் கழட்ட வேண்டாமா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

மூக்குக்கு ஏன் இவ்வளவு வேகம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. வெளியே தெரிவது இரண்டு ஓட்டை. உள்ளே பக்கச்சுவரில் எலும்பு மடிப்புகள் மூன்றடுக்காக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த மடிப்புகளால் உள் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர் வரை விரிகிறது. சுவாசிக்கிற காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவதற்காக அந்தச் சவ்வுக்கடியில் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. மருந்து அந்தச் சவ்வைத் தாண்டினால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும். விழுங்குகிற மாத்திரை அப்படி இல்லை. குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், கல்லீரல் தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சிதைத்த பிறகு மிச்சம்தான் உடம்புக்கு. மூக்கு வழி என்பது ஊருக்குள் நுழையாமல் போகிற பைபாஸ் மாதிரி. மேலும், வலிப்பில் இருக்கிறவருக்கு வாயில் எதையும் கொடுக்கவே கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் மருந்து ஏற அவர் விழுங்க வேண்டியதில்லை, உறிஞ்ச வேண்டியதில்லை, நினைவோடு இருக்க வேண்டியதும் இல்லை.

நம் ஊரில் இது புதுச் செய்தியும் இல்லை. எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, மூக்குப்பொடி போடுவார். ஒரு சிட்டிகை இழுத்ததும் கண் பளிச்சென்று ஆவதற்குக் காரணம் நிக்கோட்டின் அதே சவ்வு வழியாக ரத்தத்துக்குப் போவதுதான். சித்த மருத்துவத்தில் நசியம் என்று, மூக்கில் மருந்து விடுகிற ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது.

ஆனால் மூக்கு எல்லா மருந்தையும் உள்ளே விடாது. அதன் அசல் வேலை காவல் காப்பது. சவ்வின் மேல் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் சளிப் படலத்தைத் தொடர்ந்து தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே விழுந்த எதுவும் ஒரு கால்மணி, இருபது நிமிஷத்தில் தொண்டைக்குப் போய்விடும். அதற்குள் மருந்து சவ்வைக் கடந்திருக்க வேண்டும். அளவும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு துவாரத்தில் இரண்டிலிருந்து நாலு சொட்டுக்கு மேல், அதாவது 0.1 அல்லது 0.2 மில்லிக்கு மேல் போனால் மிச்சம் தொண்டையில் வழிந்து விழுங்கப்பட்டுவிடும். எனவே கொஞ்சமே கொஞ்சம் திரவத்தில் முழு டோஸும் கரைய வேண்டும்.

இந்த இடத்தில் மிடாசோலத்திடம் ஓர் அழகான குணம் இருக்கிறது, எனக்கு வேதியியலில் மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. சாதாரணமாக அது தண்ணீரில் கரையாது. புளிப்பான, அமிலத்தன்மை உள்ள கரைசலில் வைத்தால் மூலக்கூறில் இருக்கும் ஒரு வளையம் திறந்துகொள்ளும், கரைந்துவிடும். உடம்புக்குள் போய் அமிலம் குறைந்ததும் வளையம் மூடிக்கொள்ளும். மூடியதும் அது கொழுப்பில் கரைகிற பொருளாக மாறி, சவ்வையும் மூளையின் தடுப்பையும் சட்டென்று தாண்டிவிடும். பாட்டிலில் ஒரு வடிவம், மூளைக்குப் போக இன்னொரு வடிவம். இதற்கு ஒரு விலை உண்டு. அந்த அமிலத்தால் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும், தொண்டையில் இறங்கினால் கசக்கும். குழந்தை தெளிந்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அழுதால் பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவைப்பேன்.

சரி, ஸ்டூலில் உட்கார வைத்து நான் என்ன சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

முதலில் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் எண். எங்கள் கடைக்கு வருகிற பாட்டில்களில் இரண்டு வகை. ஓர் அழுத்துக்கு 0.5 மில்லிகிராம் வருவது ஒன்று, 1.25 மில்லிகிராம் வருவது இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழந்தைகளுக்கு டாக்டர்கள் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறார்கள். 20 கிலோ குழந்தைக்கு 4 மில்லிகிராம். 0.5 பாட்டில் என்றால் எட்டு அழுத்து, மூக்கின் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. 1.25 பாட்டில் என்றால் மூன்று அழுத்து போதும். போன தடவை ஒன்று, இந்தத் தடவை இன்னொன்று கிடைத்து, பழைய எண்ணிக்கையிலேயே அழுத்தினால் ஒன்று மருந்து பற்றாது, இல்லையென்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி மூச்சு மந்தமாகிவிடும். அதனால் டாக்டர் சீட்டில் எழுதிய அழுத்துக் கணக்கை, பாட்டிலின் எண்ணோடு சேர்த்து, ஸ்கெட்ச் பேனாவில் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி ஒட்டித்தான் கொடுப்பேன். 'இடது 4, வலது 4.' பாட்டிக்கும் படிக்க வரும். குழந்தை வளர்ந்து எடை கூடினால் கணக்கு மாறும் என்பதால் தேதியும் போடுவேன்.

அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்ற மிடாசோலம் ஸ்ப்ரேயில் ஒரே அழுத்தில், 0.1 மில்லியில், 5 மில்லிகிராம் முழுக்க வந்துவிடும். எண்ண வேண்டியதே இல்லை. அடுத்த வருஷமே டயாசிபாமும் அந்த மாதிரி வந்தது. பதற்றத்தில் இருக்கிறவருக்கு எண்ணிக்கை என்பது பெரிய பாரம். எட்டு வரை எண்ணுவது என்ன கஷ்டம் என்று கடையில் உட்கார்ந்து கேட்கலாம். பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கும்போது நாலா அஞ்சா என்று தெரியாமல் போகும். நம் நாட்டில் ஒவ்வொரு சின்ன மருந்துக்கடையிலும் ஓரழுத்து ஸ்ப்ரே, ஏழைக்கும் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அடுத்தது, அழுத்துகிற முறை. கழுவின காலி பாட்டில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். அதை வாங்க வந்தவர் கையில் கொடுத்து, காற்றில் அழுத்திப் பார்க்கச் சொல்வேன். புது பாட்டிலை முதல் தடவை உபயோகிக்கும் முன் புகை மாதிரி வருகிறவரை வெளியே அழுத்த வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டு அழுத்தில் காற்றுதான் வரும். வலிப்பு வந்தால் முதலில் மணி பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், காலர் பட்டனைக் கழற்ற வேண்டும். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. மூக்கில் சளியோ நுரையோ இருந்தால் துணியால் துடைத்துவிட்டு, நுனியை உள்ளே வைத்து அழுத்த வேண்டும். எப்போது கொடுப்பது என்பதை டாக்டர் எழுதியிருப்பார், பெரும்பாலும் ஐந்து நிமிஷம் என்றுதான். சிலருக்கு அதற்கு முன்பே. கொடுத்த பிறகு பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், மூச்சு சரியாக இல்லை என்றால், 108.

ஒரு பாட்டியம்மா, காங்கேயம் பக்கத்திலிருந்து பேரனோடு வந்தவர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் அம்மிணி, சாவியுங் கையில குடுத்துக்கலாமா?" என்றார். "கொடுங்கம்மா, ஆனா முதல்ல ஸ்ப்ரேயை அடிச்சிட்டு அப்புறம் கொடுங்க" என்றேன். பக்கத்தில் நின்ற மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கையில் சாவி இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தம்மாவின் ஐம்பது வருஷத்து நம்பிக்கையோடு கவுண்டரில் சண்டை போட்டால் அவர் என் பேச்சு மொத்தத்தையும் விட்டுவிடுவார். வாயில் ஸ்பூன் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊசி தெரியாத, மருத்துவம் படிக்காத, அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க நேர்ந்த ஒருவர் கையில் உயிர் காக்கிற மருந்தைக் கொடுக்க மூக்கு இடம் தருகிறது. கொஞ்ச வருஷமாக வந்துகொண்டிருக்கும் மூக்கு மருந்துகளில் பல இந்த வகைதான். அபின் வகைப் போதைப்பொருள் அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு நலாக்ஸோன். அமெரிக்காவில் 2015-ல் மூக்கு ஸ்ப்ரேயாக அனுமதி கிடைத்து, 2023 மார்ச்சில் சீட்டே இல்லாமல் வாங்கலாம் என்று ஆனது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கிவிடுகிற இன்சுலின் நோயாளிகளுக்கு குளுக்ககான் பொடி, 2019. முன்பு அந்த மருந்தைக் கரைத்து, கலக்கி, ஊசியில் ஏற்றிப் போட வேண்டும். கணவர் மயங்கிக் கிடக்கும்போது எந்த மனைவிக்கு அத்தனை படிகளும் ஞாபகம் வரும்? இப்போது மூக்கில் வைத்து அழுத்தினால் பொடி உள்ளே போய்விடும், மயங்கியவர் மூச்சை இழுக்கக்கூட வேண்டாம். கடுமையான ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஸ்ப்ரே 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. வேர்க்கடலை சாப்பிட்டுத் தொண்டை அடைக்கிற குழந்தைக்கு ஊசி போட அம்மாக்களே தயங்கித் தாமதிப்பது அங்கெல்லாம் பெரிய பிரச்சினை.

தடுப்பூசிக்கும் இந்தக் கதை பொருந்தும், ஆனால் அங்கே காரணம் இன்னும் ஆழமானது. கையில் போடுகிற ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கும். சளிக்காய்ச்சல், கொரோனா மாதிரிக் கிருமிகள் நுழைவது மூக்கில். அங்கே காவல் நிற்பது ஐஜிஏ என்கிற வேறு வகை எதிர்ப்பொருள், சளிப் படலத்திலேயே இருப்பது. மூக்கிலேயே தடுப்பு மருந்தைக் கொடுத்தால் அந்த ஐஜிஏ வாசலிலேயே தயாராகும், நோய் வராமல் தடுப்பதோடு அடுத்தவருக்குப் பரவுவதையும் குறைக்கலாம் என்பது நம்பிக்கை.

அதற்காக ஒரு மனிதர் எவ்வளவு காலம் உழைத்தார் என்பது எனக்கு வியப்பாக இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹுனைன் மாசாப். 1960-ல் ஆன் ஆர்பரில் எடுத்த ஒரு ஃப்ளூ வைரஸை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாகக் குறைந்த வெப்பத்துக்குப் பழக்கினார். கடைசியில் 25 டிகிரியில் நன்றாக வளர்கிற, உடம்பின் உள் சூட்டில் வளர முடியாத வைரஸ் கிடைத்தது. மூக்கு நுரையீரலைவிடக் குளிர்ச்சி. ஆகவே அது மூக்கில் மட்டும் கொஞ்சம் பெருகி உடம்புக்குப் பாடம் சொல்லும், நுரையீரலுக்கு இறங்கி நோய் உண்டாக்காது. அதை வைத்துச் செய்த மூக்கு ஸ்ப்ரே 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாற்பது வருஷத்துக்கு மேல். பிரிட்டனில் 2013-லிருந்து குழந்தைகளுக்கு இதையே கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலேயே, ஊசி அழுகை இல்லாமல். பிள்ளைகள் வழியாகத் தாத்தா பாட்டிக்குப் பரவுவதை நிறுத்துவதும் அதில் ஒரு நோக்கம். நடுவில் சறுக்கலும் உண்டு. எச்1என்1 என்கிற ஃப்ளூ வகைக்கு எதிராகப் பலன் குறைவு என்று கண்டு, அமெரிக்கா 2016-லிருந்து இரண்டு பருவங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் பெரியவர்கள் தாங்களே வீட்டில் போட்டுக்கொள்ளலாம், குழந்தைகளுக்குப் பெற்றோர் போடலாம் என்றும் அனுமதித்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2010-ல் பன்றிக் காய்ச்சலுக்குப் புனேயின் சீரம் நிறுவனம் மூக்கு வழி மருந்து கொண்டுவந்தது. கொரோனாவுக்கு ஐதராபாத்தின் பாரத் பயோடெக் செய்த இன்கோவாக், 2022 செப்டம்பரில் அனுமதி, 2023 குடியரசு நாளில் அறிமுகம். ஒவ்வொரு பக்கமும் நாலு சொட்டு. அப்போது விலை தனியாருக்கு 800 ரூபாய், அரசுக்கு 325. அது வருவதற்குள் பெரும்பாலானவர்கள் இரண்டு ஊசி போட்டு முடித்திருந்தார்கள், கொரோனாப் பயமும் அடங்கியிருந்தது. எங்கள் கடைப் பக்கம் கேட்டு வந்தவர்கள் மிகச் சொற்பம். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று இன்னும் எனக்கு ஆதங்கம்.

மூக்கு மருந்து என்றால் லேசானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாசனை நரம்புகள் மூக்கின் கூரை வழியாக நேரே மூளையைத் தொடுகின்றன. 1937-ல் டொரன்டோவில் போலியோ பரவியபோது, கிருமி அந்த வழியாகத்தான் போகிறது என்று எண்ணி, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் அடித்தார்கள். போலியோ நிற்கவில்லை, சில குழந்தைகளுக்கு வாசனை உணர்வு போய்விட்டது. அந்தப் பாடம் இருந்தும், சளிக்கென்று துத்தநாக ஜெல் விற்று, வாசனை போய்விட்டதாக நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்து, 2009-ல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் 2000-ல் வந்த மூக்கு ஃப்ளூ தடுப்பு மருந்தில், வீரியம் கூட்டச் சேர்த்த ஈ கோலை பாக்டீரியாவின் நச்சு முகவாதத்தை உண்டாக்கி, அடுத்த பருவமே நிறுத்தப்பட்டது. எங்கள் கவுண்டரிலேயே தினம் பார்க்கிறேன், மூக்கடைப்புக்கு நாலைந்து நாள் போட வேண்டிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போட்டு, அது இல்லாமல் மூச்சே விட முடியாத நிலைக்கு வந்தவர்களை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள், மூன்றாம் வகுப்பு. டாக்டர் கடிதத்தோடு ஸ்ப்ரேயைப் பள்ளியில் கொடுத்து வைக்கப் போனார் அவள் அம்மா. "எங்களால் இந்தப் பொறுப்பை ஏற்க முடியாது, வலிப்பு வந்தால் உங்களுக்கு போன் பண்ணுகிறோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வேலை பார்க்கும் மில்லிலிருந்து பள்ளிக்கு வர அரைமணி ஆகும். ஏற்பிகள் உள்ளே போய்விடுகிற அரைமணி. கடையில் நின்று அந்தப் பெண் அழுதார். பள்ளியின் பயம் எனக்குப் புரிகிறது, தப்பாகக் கொடுத்து ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற பயம். ஆனால் அந்தப் பயத்தின் பாரத்தை எட்டு வயதுக் குழந்தை சுமக்கக் கூடாது.

நான் நேரே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலையும் கொண்டுபோனேன். மாலை பள்ளி விட்ட பிறகு அரைமணி கொடுங்கள் என்று கேட்டதற்குச் சம்மதித்தார். ஆசிரியைகள், ஆயாம்மா, வேன் டிரைவர் எல்லாரும் வந்தார்கள். எல்லாரையும் அழுத்தவைத்தேன். தம்பியும் என்னோடு வந்தான். இப்போது கொப்பரைக் களம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான், கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். தன் பையிலிருக்கும் ஸ்ப்ரேயை எடுத்துக் காட்டி, "களத்துல எல்லாருக்கும் இது எங்க இருக்குன்னு தெரியும். எனக்கு வந்தா பக்கத்துல இருக்குறவங்கதான் அடிக்கணும். ரெண்டு தடவ அடிச்சிருக்காங்க. தேங்கா உரிக்கிறவர்தான் அடிச்சாரு" என்றான். நான் பேசிய எல்லாவற்றையும்விட அதைத்தான் அவர்கள் கூர்ந்து கேட்டார்கள்.

கேள்விகளும் வந்தன. அன்றைக்குப் பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தால் மருந்து ஏறுமா என்று கேட்டார் ஓர் ஆசிரியை. கெட்டிச் சளி அடைத்திருந்தால் குறையும், துடைத்துவிட்டு அடிக்க வேண்டும், முற்றிலும் அடைத்திருந்தால் அடித்துவிட்டு உடனே 108-ஐயும் கூப்பிட்டுவிட வேண்டும் என்றேன். வலிப்பு இல்லாமல் வெறும் மயக்கமாக இருந்து தெரியாமல் அடித்துவிட்டால்? தூங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட வேண்டும். எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெயில் படாத, பூட்டாத அலமாரி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம். பூட்டினால் சாவி தேடுகிற நேரம் வீணாகும் என்றதும் ஆயாம்மா, "அப்ப எங்க சமையலறை மேல் தட்டுல வெச்சுக்கறேங்க, நான் எப்பவும் அங்கதான இருப்பேன்" என்றார். அங்கேயே வைக்கலாம் என்று முடிவாயிற்று. பாட்டிலின் காலாவதித் தேதியைத் தலைமையாசிரியை தன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். வேன் டிரைவர் மட்டும் தனியாக வந்து, வேனுக்கும் ஒன்று வேண்டுமே என்றார். இன்னொரு பாட்டிலுக்கு டாக்டரிடம் சீட்டு கேட்டிருக்கிறோம்.